துக்கம் கேட்கப் போன சைக்கிள்கள்

கொட்டகலை தாண்டுவதற்குள்ளேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முழங்கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், முதுகில் நனைந்து ஒட்டிய சட்டை இன்னொரு பக்கம். ஐம்பதை நெருங்கும் பள்ளிக்கூட டீச்சருக்கு டிக்கோயாவிலிருந்து கந்தப்பளை வரைக்கும் சைக்கிளில் போக என்ன தலையெழுத்து என்று யாராவது கேட்டிருந்தால், வண்டியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதிருப்பேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த என் சிநேகிதி தையல்காரிக்கோ திரும்பிப் பார்க்கும் பழக்கமே கிடையாது.

நாங்கள் துக்கம் கேட்கப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் சைக்கிள் கூட்டத்தின் மூன்றாவது ஆள் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் இறந்துபோனார். பெருமழையில் மலை சரிந்து, ரோடு அங்கங்கே உடைந்து, கரண்ட் இல்லை, போனுக்குச் சிக்னல் இல்லை என்று அவரவர் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் இது நடந்திருக்கிறது. சிக்னல் திரும்பிய அன்றுதான் அவளுடைய கொழுந்தனார் அனுப்பிய செய்தி தையல்காரியின் போனில் வந்து விழுந்தது. அதற்குள் அடக்கம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எத்தனை தடவை போன் அடித்தோம் என்று கணக்கே இல்லை. மணி போகும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

"கோவமா இருக்காங்க அக்கா," என்றாள் தையல்காரி.

"ரோடு இல்லைன்னு அவளுக்குத் தெரியாதா? பறந்தா போக முடியும்?" என்று நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் எங்கள் சனத்தில் கல்யாணத்துக்கு வராதவர்களை மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராதவர்களை மறக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிகளே அந்தக் காரணத்துக்காகச் சாகும்வரை பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், பிணம் கிடந்த நாளில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அந்த வீட்டு மனசில் பதிந்துவிடும். இந்த வயதில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதக் கூட்டம் இது. அது போய்விட்டதோ என்ற பயம்தான் அந்த ஏற்றத்தில் என்னை மிதிக்க வைத்தது. வேறு எதுவும் இல்லை, வீரமும் இல்லை, வைராக்கியமும் இல்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது பெட்ரோல் கிடைக்காத காலம். அப்போது எனக்குக் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை. பஸ் நின்றுபோனது. நடந்து நடந்து செருப்பு தேய்ந்த பிறகு, பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சின்ன வயதில் ஓட்டியது, மறந்திருக்காது என்று நினைத்தேன். முதல் வாரமே ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கிவிட்டாள்.

"டீச்சர், பிரேக்குன்னு ஒண்ணு இருக்கே, அதப் பாத்தீங்களா இல்லியா?"

கந்தப்பளைக்காரி என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். கொழுந்து எடுத்து முடித்ததும் மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போக அவளும் ஒரு சைக்கிள் வைத்திருந்தாள். பின்னேரங்களில் சேர்ந்து ஓட்டினோம். பிறகு எனக்கு டிக்கோயாவுக்கு மாற்றம் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, எங்கள் இருவரையும் விட வயதில் சிறியவள், "எனக்கும் சொல்லிக் குடுங்க அக்கா" என்று வந்து ஒட்டிக்கொண்டாள். இரண்டே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள், அது வேறு விஷயம்.

தூரப் பயணம் போகலாம் என்று யோசனை சொன்னது கந்தப்பளைக்காரி. மூன்று பொம்பளைகள் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறோம் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? என் மாமியார் வாசற்படியிலேயே படுத்திருப்பார். அதற்கும் அவளே வழி சொன்னாள்: "நேர்த்திக்கடன்னு சொல்லுங்க டீச்சர். சாமி பேரச் சொன்னா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க." அப்படித்தான் முதல் வருடம் கதிர்காமம் போனோம். தையல்காரி கத்தோலிக்கம். கதிர்காமத்துக்கு உனக்கென்ன வேலை என்று ஃபாதர் கேட்டாராம். "இவங்களுக்குத் தொணைக்குப் போறேன் ஃபாதர்," என்றாளாம். அடுத்த வருடம் மடுமாதா கோயிலுக்கு அவளுடைய நேர்த்தி. அதற்கு நாங்கள் துணை. முருகனும் மாதாவும் எங்கள் கள்ளத்தனத்தைக் கண்டுகொள்ளவில்லை.

கோயில் மடத்திலும் சேர்ச் விறாந்தையிலும் படுத்தோம். நனைந்த பாவாடையைச் சைக்கிள் ஹேண்டிலில் காயப்போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். யார் குறட்டை விட்டது என்று சண்டை போட்டு அரை நாள் பேசாமல் ஓட்டியிருக்கிறோம். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் ஏற்றத்தில் ஒருத்தியிடம் ஒருத்தி சொன்னோம். மூச்சு வாங்கும்போது பூசி மெழுகிப் பேசத் தெம்பு இருக்காது.

ஏற்றத்தில் நான்தான் எப்போதும் கடைசி. கதிர்காமத்திலிருந்து திரும்பும்போது, வெல்லவாய தாண்டி மலை ஏறுகையில், இனி ஒரு அடி வைக்க முடியாது என்று நின்றுவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்திருந்த கந்தப்பளைக்காரி தன் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு நடந்தே இறங்கி வந்தாள். என் சைக்கிளின் கேரியரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள். எனக்கு மானம் போனது.

"விடு. நானே வர்றேன்," என்றேன் கோபமாக.

"சும்மா வாங்க டீச்சர். மலையில எங்க வழக்கம் இது. தன் நிரைய முடிச்சவ பக்கத்து நிரைக்குக் கை குடுக்கணும். பாத்துட்டு நிக்கக் கூடாது."

தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை. தன்னுடைய வரிசைச் செடிகளில் கொழுந்து எடுத்து முடித்தவள், பின்தங்கியவளின் வரிசைக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்து எடுத்துக்கொண்டே வருவாள். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். அதன் பிறகு எந்த ஏற்றத்திலும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. நானும் திட்டுவதை விடவில்லை. கேரியரில் அவள் கை பட்டதும் வண்டி இலேசாவது எனக்கு முதுகிலேயே தெரியும்.

அவளுடைய புருஷன் அதிகம் பேசாத மனுஷன். ஆனால் அவள் வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மூன்று வண்டிக்கும் அவர்தான் காற்று அடிப்பார். காலால் மிதிக்கிற பெரிய பம்ப் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். "திரும்பி வந்தா எங்கிட்ட சொல்லுங்க. வராட்டி முருகங்கிட்ட சொல்லிருங்க," என்று ஒரே பகிடியை வருடா வருடம் சொல்வார். நாங்களும் வருடா வருடம் சிரிப்போம்.

வெள்ளிக்கிழமை துக்கம் கேட்கப் போகக் கூடாது என்பதால் சனிக்கிழமை விடியக் கிளம்பியிருந்தோம். ரோடு உடைந்த இடம் வரைக்கும்தான் பஸ் ஓடியது. அங்கே இறங்கி, சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிக்க வேண்டும். "சைக்கிள்ல போவோம் அக்கா. நம்ம எப்பவும் போற மாதிரி போய் நின்னா, கோவமா இருந்தாலும் மனசு எறங்கும்," என்றாள் தையல்காரி. அவள் பேச்சைக் கேட்டது என் தப்பு. ரோடு முழுக்க மண், தடம் தடமாகக் குழி. லிந்துலை வருவதற்குள் என் பின் டயரில் இரண்டு தடவை காற்று இறங்கியது. தையல்காரியின் கூடையில் ஒரு கைப் பம்ப் உண்டு. எத்தனை நேரம் அடித்தாலும் நோஞ்சான் மாதிரி புஸ் புஸ் என்று சத்தம்தான் வரும், காற்று இலேசில் ஏறாது. எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

உடைந்த இடத்தில் ரோடு இருந்த அடையாளமே இல்லை. மேலேயிருந்து தேயிலைச் செடிகளோடு ஒரு துண்டு மலை அப்படியே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. மண் அள்ளிக்கொண்டிருந்த சிங்கள ஆள் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "அக்கே, தென்ன", கொடுங்கள் அக்கா என்று கை நீட்டி என் சைக்கிளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சாவு வீட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் வண்டியை இறக்கி வைத்து, ஹேண்டிலில் ஒட்டியிருந்த மண்ணைக் கையாலேயே வழித்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. களைப்பாக இருந்தால் எனக்கு எல்லாவற்றுக்கும் அழுகை வரும்.

அன்று நானுஓயாவில் தையல்காரியின் அக்கா வீட்டில் தங்கினோம். உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தும் தூக்கம் வரவில்லை. துக்க வீட்டு வழக்கம் ஒன்று தொண்டையில் முள்ளாக நின்றது.

எங்கள் பக்கம் துக்க வீட்டில் யாரும் "வாங்க" என்று அழைக்க மாட்டார்கள். போகிறவர்களும் "போயிட்டு வர்றோம்" என்று சொல்லக் கூடாது. திரும்ப வருவது என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருவது என்று அர்த்தமாகிவிடுமாம். பேசாமல் போய், பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் கோபத்தில் இருப்பவளும் "வாங்க" என்று சொல்ல மாட்டாளே! அவள் பேசாமல் இருப்பது வழக்கத்துக்காகவா, எங்களை வெறுத்துவிட்டதாலா என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? இதை நினைத்து நினைத்தே விடிந்துவிட்டது.

மறுநாள் நுவரெலியா தாண்டிக் கந்தப்பளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். பெரிய ரோட்டில் தோட்டத்தின் பெயர் எழுதிய பலகை நிற்கும். அங்கேயிருந்து லயத்துக்கு இறக்கம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போனது. லயத்துக் கோடியில் அவளுடைய சைக்கிளை முதலில் பார்த்தேன். சுவரோரம் சாய்த்து, அதன் மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். ஹேண்டில் மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு டயரும் தரையோடு சப்பையாகிக் கிடந்தன.

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். தையல்காரி "அக்கா" என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள். இவள் அழவில்லை. கட்டையாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கையைக் கொடுத்தாள், அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் ஆணியில் அவருடைய சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

கொழுந்தனாரின் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, தொட்டுக்கொண்டு குடிக்க ஆளுக்கொரு கரண்டி சீனியை உள்ளங்கையில் போட்டாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள்.

"நெஞ்சு வலின்னு சாஞ்சாரு. ரோடு ரெண்டு பக்கமும் போயிருச்சு. கம்பிளிய தொட்டில் மாதிரி கட்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க. மண்ணு சரிஞ்ச எடத்துல தாண்ட முடியல. அங்கனயே உசுரு போயிருச்சு. வர வேண்டிய சனம் ஒண்ணும் வரல. நாலு லயத்து ஆளுதான் நின்னு அடக்கம் செஞ்சோம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"எங்க பக்கமும் ரோடு இல்லீங்க. சேதியே பத்து நாளுக்குப் பெறகுதான் வந்துச்சு," என்றேன். வகுப்பில் பாடம் மறந்த பிள்ளை மாதிரி எனக்கே என் குரல் கேட்டது.

அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்தவள் வாயைத் திறந்தாள். சட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரோடு ரோடுன்னு திரிஞ்சேன் டீச்சர். கதிர்காமம் ரோடு தெரியும், மடு ரோடு தெரியும். அவருக்கு வேணும்ங்கிற அன்னைக்கு ஒரு ரோடு இல்ல."

சீனி கையில் கசகசவென்று கரைந்துகொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. கொழுந்தனாரின் பெண்சாதி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார்களாம். "இனி யாரு ஓட்டப் போறா? எடத்த அடைச்சிட்டு நிக்குது," என்றாள். இவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? உடனேயே என் மேலேயே வெறுப்பாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் சைக்கிளுக்காகக் கோபப்படுகிறேனே!

எழுந்துகொண்டோம். வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டு நாள் நாய் படாத பாடு பட்டு வந்ததற்கு, வந்தபடியே வெறும் மனசோடு திரும்பினோம்.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து. தையல்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே முன்னால் தள்ளிப் போய்விட்டாள். நான் வண்டியைத் தள்ளினேன். இறங்கும்போது இல்லாத பாரமெல்லாம் ஏறும்போது வந்து சேர்ந்திருந்தது. கல் சறுக்கியது. இரண்டு அடிக்கு ஒரு தடவை நின்றேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கதிர்காமமும் முடிந்தது, மடுவும் முடிந்தது, இந்தச் சைக்கிளையும் வீட்டுக்குப் போனதும் விறகுக்கு அடியில் போட்டுவிட வேண்டியதுதான். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதேன்.

வளைவில் திரும்பும்போது வண்டி இலேசானது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, முதுகிலேயே தெரிந்துவிட்டது. பின்னால் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. கருமாதி முடிந்து சில நாளே ஆன பொம்பளை வாசலைத் தாண்டினாலே லயத்தில் நாலு வாய் பேசும். அவள் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் முதல் தடவையாக "விடு, நானே வர்றேன்" என்று சொல்லவில்லை.

மேலே தையல்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நாங்கள் தோட்டத்துப் பலகைக்கு வந்தோம். நிற்கப் போனேன். பின்னாலிருந்து இன்னும் தள்ளினாள். பலகையைத் தாண்டி, பெரிய ரோட்டின் தார் வந்த பிறகுதான் கையை எடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"போனு அவரோடது டீச்சர். எனக்குன்னு தனியா ஏது? சட்டைப் பையில கெடக்கு. கரண்டு வந்ததும் கொழுந்தனாரு சார்ஜ் போட்டு மறுபடி அதுலயே வச்சிட்டாரு. அடிக்குது, கேக்குது. சட்டையத் தொட முடியல."

"அய்யோ, சொல்லக் கூடாதா," என்று தையல்காரி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

கந்தப்பளைக்காரி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். கீழே லயத்துக் கூரை தெரிந்தது.

"வூட்டுல வச்சு சொல்லக் கூடாது. இது எங்க தோட்டம் இல்ல, தாண்டியாச்சு. இங்கன சொல்லலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க டீச்சர். புள்ள, போயிட்டு வா."

"போயிட்டு வர்றோம்," என்றேன். சத்தமாகவே சொன்னேன். தையல்காரியும் சொன்னாள்.

அவள் இறங்கத் தொடங்கினாள். வளைவு வரைக்கும் போனவள் நின்று, திரும்பி, மேலே பார்த்துக் கத்தினாள்.

"வரக்குள்ள ஒரு பம்பு கொண்டாங்க! எனக்குக் காத்து அடிக்க ஆளு இல்ல!"

பம்ப் தையல்காரியின் கூடையில்தான் இருந்தது. அது இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தையல்காரி கூடைக்குள் கையை விட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, கொண்டு வர்றோம்!" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம்.